கன்டெம்ட் போடலாமா? நீதிமன்ற உத்தரவை மீறினால் என்ன நடக்கும், எங்கே சறுக்கும்

மறுகால்:

நம்ம மாவட்டத்து ஊர்க் குழுக்கள்ல கன்டெம்ட், அதாவது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, பத்தி ஒரே மாதிரி மூணு கேள்வி சுத்திச் சுத்தி வருது. ஒண்ணு: "மதுரை ஐகோர்ட்ல உத்தரவு வாங்கியாச்சு, தாசில்தார் அசையல, கன்டெம்ட் போட்டு உள்ள தள்ளிரலாமா?" ரெண்டு: "முன்சீப் கோர்ட் தடை இருக்கு, எதிராளி வாய்க்கால் கரையை வெட்டுதாரு, இதுவும் கன்டெம்ட் தானே?" மூணு: "தீர்ப்பைத் திட்டி முகநூல்ல எழுதினா ஜெயிலா?"

மூணுக்கும் பேரு ஒண்ணு, ஆனா போற வழி வேற வேற. விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரும் அக்காமாரும் சட்டப் பிரிவு, செய்முறையோட எழுதுங்க. யாரோட சொந்த வழக்கு விவரமும், ஆள் பேரும் இங்க வேண்டாம்.

பாளையங்கால்வாய்:

நல்ல இழை. முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறுகால் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன்.

நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. அதன் 2-ஆவது பிரிவு அவமதிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. தீர்ப்பு, ஆணை, ரிட் (உயர் நீதிமன்றம் அதிகாரிகளுக்கு இடும் பேராணை) போன்றவற்றை வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதும் உரிமையியல் அவமதிப்பு. நீதிமன்றத்தின் மதிப்பைக் குலைக்கும்படி எழுதுவது, நடக்கும் வழக்கில் குறுக்கிடுவது, நீதி வழங்கும் வேலையைத் தடுப்பது குற்றவியல் அவமதிப்பு. நம் ஊர்க் கேள்விகளில் பத்தில் ஒன்பது முதல் வகையில் விழும்.

தண்டனை 12-ஆவது பிரிவில் இருக்கிறது: அதிகபட்சம் 6 மாத வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதற்கு மேல் எந்த நீதிமன்றமும் தர முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. உரிமையியல் அவமதிப்பில் அபராதமே போதும் என்பதுதான் பொது விதி. அது போதாது என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே சிவில் சிறை.

இப்போது தாசில்தார் கேள்வி. கன்டெம்ட் போடும் முன்னால் உத்தரவின் கடைசிப் பத்தியை மூன்று முறை படியுங்கள். நம் பக்கம் வாங்கும் உத்தரவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடியும்: மனுதாரர் கொடுத்த மனுவைத் தகுதியின் அடிப்படையிலும் சட்டப்படியும் பரிசீலித்து, இந்த உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து 12 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். இதில் ஆக்கிரமிப்பை அகற்று என்று எங்கேயும் இல்லை. பரிசீலித்து முடிவெடு என்றுதான் இருக்கிறது. தாசில்தார் 11-ஆவது வாரத்தில் "ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் உத்தரவு நிறைவேறிவிட்டது. அந்தக் கடிதம் தவறாக இருக்கலாம். தவறான முடிவை எதிர்த்துப் புதிதாக ரிட் போட வேண்டும், கன்டெம்ட் நிற்காது.

கன்டெம்ட் விசாரிக்கும் நீதிமன்றம் மூல உத்தரவின் நான்கு எல்லைக்குள்தான் நிற்கும், அதில் இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்த்துச் செய்யச் சொல்லாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ஓஎன்ஜிசி வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கோடகன்_மடை:

பாளையங்கால்வாய் அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிடுங்க. "சட்டப்படி நடவடிக்கை எடுத்து ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்"னு உத்தரவு இருந்தாக்கூட, அதிகாரி 1905-ஆம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டத்துல 7-வது பிரிவு நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, அப்புறம் 6-வது பிரிவுல வெளியேத்துற உத்தரவு போடணும். பொதுப்பணித்துறை கையில இருந்த, இப்ப நீர்வளத்துறையில இருக்குத குளம்னா 2007-ஆம் வருஷக் குளங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. கெடு முடியுத நேரத்துல நோட்டீஸ் கொடுத்தாச்சுன்னு அறிக்கை வச்சா, நீதிமன்றம் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் அவகாசம் தந்துரும். அதனால ரிட் போடுத அன்னிக்கே வேண்டுகோளைச் சரியா எழுதுங்க: எந்த சர்வே எண், எஃப்எம்பி (நில அளவைப் புத்தக) வரைபடத்துல எத்தனை மீட்டர், எந்த அதிகாரி, எத்தனை வாரம். கன்டெம்ட் ஜெயிக்குதது தோக்குதது அங்கயே பாதி முடிவாயிருது.

தெற்குபஜார்:

12 வாரம்னா உத்தரவு தேதியிலருந்தா, நகல் கையில கிடைச்ச தேதியிலருந்தா? யாரு கையில?

பாளையங்கால்வாய்:

அதிகாரி கையில். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "நகல் கிடைத்த நாளிலிருந்து" என்று இருந்தால், நீங்கள் நகலை அதிகாரிக்கு அனுப்பாதவரை கெடு ஓடவே தொடங்காது. உத்தரவு வந்துவிட்டது, அவருக்கே தெரியும், அரசு வழக்கறிஞர் அன்றைக்கு நீதிமன்றத்தில்தான் இருந்தார் என்றெல்லாம் சொல்லிப் பயன் இல்லை.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உத்தரவு ஜூன் 10. சான்று நகலுக்கு விண்ணப்பித்து ஜூன் 24-ல் கிடைத்தது. முகப்புக் கடிதத்தோடு தாசில்தாருக்கு அனுப்பி ஜூலை 1-ல் அவர் அலுவலகத்தில் பட்டுவாடா ஆனது. 12 வாரம் என்பது 84 நாள். செப்டம்பர் 23-ல் கெடு முடிகிறது. செப்டம்பர் 24-லிருந்துதான் மீறல்.

அனுப்பும்போது செய்ய வேண்டியவை: முகப்புக் கடிதத்தில் ரிட் மனு எண், உத்தரவு தேதி, இணைத்திருப்பது சான்று நகல் என்பதை எழுதுங்கள். ஒப்புகை அட்டையோடு அஞ்சலில் அனுப்புங்கள். ரசீதையும் இணையத்தில் பட்டுவாடா விவரத்தையும் அன்றைக்கே அச்சடித்து வையுங்கள், பிறகு தேடினால் பழைய விவரம் கிடைப்பதில்லை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத் தபால் பிரிவிலோ நேரில் கொடுத்தால், உங்கள் பிரதியில் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் வேண்டும். வெறும் முத்திரை மட்டும் போதாது. இணையத்தில் இறக்கிய அச்சுப் பிரதியை மட்டும் அனுப்பிவிட்டு நம்பி உட்காராதீர்கள்.

தெற்குபஜார்:

இது தெளிவாச்சு. கன்டெம்ட் போட எத்தனை நாள் இருக்கு?

பாளையங்கால்வாய்:

அவமதிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு: மீறல் நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து 1 வருடம். மேலே உள்ள கணக்கில் அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் மனு தாக்கலாகியிருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் மனு தாக்கலாகிவிட்டால், நீதிமன்றம் அதற்குப் பிறகு நோட்டீஸ் அனுப்பினாலும் செல்லும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"இன்றைக்கும் நிறைவேற்றவில்லை, அதனால் தினம் தினம் மீறல்தான், காலக்கெடு கிடையாது" என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அதை நம்பி வருடத்தைத் தாண்டவிடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் செய் என்று சொன்னதைச் செய்யாமல் விட்டது அந்த நாளோடு முடிந்த மீறல், அதன் விளைவு நீள்வதால் மீறலும் நீள்வதாக ஆகாது என்ற பார்வைதான் நீதிமன்றங்களில் வலுவாக இருக்கிறது. உத்தரவில் கெடுவே போடவில்லை என்றால் இன்னும் சிக்கல். அப்போது நகலோடு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி நியாயமான அவகாசம் குறித்து, அது முடிந்ததும் தாமதமில்லாமல் போக வேண்டும்.

பொதிகை_அடிவாரம்:

இடையில் ஒரு சொல். கெடு முடிந்த மறுநாளே மனு போடுவதைவிட, ஒரு நினைவூட்டல் அனுப்பி இரண்டு வாரம் பார்ப்பது நல்லது. அவமதிப்பு வழக்கில் "வேண்டுமென்றே" என்பதைக் காட்டும் பொறுப்பு மனுதாரர் மேல். குற்ற வழக்குக்கு இணையான கடுமையோடு ஆதாரம் பார்ப்பார்கள், சந்தேகம் இருந்தால் பலன் எதிர்மனுதாரருக்கு. உத்தரவு கையில் கிடைத்தது, நினைவூட்டலும் கிடைத்தது, பதிலே இல்லை, காலநீட்டிப்பும் கேட்கவில்லை என்ற நான்கும் சேர்ந்தால் "வேண்டுமென்றே" தானாகத் தெரியும். இதில் மூன்றாவதும் நான்காவதும் இல்லாமல் போகும் மனுக்கள்தான் முதல் வாய்தாவிலேயே இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து முடித்து வைக்கப்படுகின்றன.

மறுகால்:

மனுவுல என்னென்ன வைக்கணும், யாரை எதிர்மனுதாரரா போடணும்னு யாராவது வரிசையாச் சொல்லுங்களேன்.

வள்ளியூர்_காற்று:

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி எல்லாம் மதுரைக் கிளை எல்லை. அங்க வழங்கின உத்தரவுக்கு அங்கயே கன்டெம்ட் மனு. எண்ணுக்கு நடுவுல எம்.டி.னு வரும்.

வைக்க வேண்டியது: மனு, பிரமாணப் பத்திரம், உத்தரவோட சான்று நகல், நகல் அனுப்பின முகப்புக் கடிதம், அஞ்சல் ரசீது, ஒப்புகை அல்லது பட்டுவாடா அச்சு, நினைவூட்டல், இன்னைக்கு நிலவரம் காட்டுத புகைப்படம். பிரமாணப் பத்திரத்துல தேதி வரிசை பிசகக் கூடாது. ஒரு தேதி முன்னுக்குப் பின் முரணா இருந்தா ரெஜிஸ்ட்ரியில திருப்பிக் கொடுத்துருவாங்க, இல்லன்னா அரசு வழக்கறிஞர் அதைத்தான் முதல்ல பிடிப்பாரு.

எதிர்மனுதாரர்: ரிட்ல "வட்டாட்சியர்"னு பதவிப் பேரு போதும். கன்டெம்ட்ல ஆளோட பேரு வேணும், ஏன்னா தண்டனை அவர் உடம்புக்கு. கெடு ஓடின காலத்துல அந்த நாற்காலியில யாரு இருந்தாங்கன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கிக்கிடலாம். நடுவுல மாறுதல்ல போயிட்டாருன்னா, புதுசா வந்தவருக்கும் நகல் ஒண்ணு அனுப்பி, அவருக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுத்துட்டு, அப்புறம் அவரையும் சேக்கணும். வந்து பத்து நாள் ஆனவரை எதிர்மனுதாரராப் போட்டா "எனக்கு இந்த உத்தரவே தெரியாது"ன்னு ஒரே வரியில முடிச்சிருவாரு. அதோட சம்பந்தமே இல்லாத பெரிய அதிகாரியை, பயம் காட்டணும்னு, தலைமைச் செயலாளர் வரைக்கும் சேக்காதீங்க. உத்தரவு யாரைச் செய்யச் சொல்லிச்சோ அவர் மட்டும்.

கோடகன்_மடை:

அதிகாரியை நேர்ல வரவழைக்குதது பத்தியும் சொல்லணும். பழைய காலம் மாதிரி முதல் நாளே கலெக்டரைக் கூப்பிட்டு நிறுத்துதது இப்ப இல்ல. 2024 ஜனவரி 3-ல உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி, அரசு அதிகாரிகளை வாடிக்கையா நேர்ல வரவழைக்கக் கூடாது, தேவைப்பட்டா முதல்ல காணொலி வழியா, அவங்க உடையைப் பத்திப் பேசக் கூடாது. கன்டெம்ட்ல எச்சரிக்கையோடவே போகணும்னும் அதுல இருக்கு. அதனால மனு போட்ட மறுவாரம் அதிகாரி கூண்டுல நிப்பாருன்னு எதிர்பாக்காதீங்க.

வழக்கமா நடக்குதது: அரசு வழக்கறிஞர் விவரம் கேட்டுச் சொல்ல அவகாசம். அப்புறம் சட்டப்படியான நோட்டீஸ். அதுக்குள்ள பெரும்பாலும் ஏதோ ஒரு உத்தரவு போட்டு, "நிறைவேற்றியாச்சு"ன்னு அறிக்கை வந்துரும், மனு முடிஞ்சிரும். வரலைன்னா மட்டும்தான் குற்றச்சாட்டு வரைவு, பதில், விசாரணை, தண்டனை.

தெற்குபஜார்:

அப்ப கன்டெம்ட் போட்டு ஜெயில்னு சொல்லுததெல்லாம்?

பாளையங்கால்வாய்:

அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. கன்டெம்ட் மனுவின் உண்மையான பலன் உத்தரவு நிறைவேறுவதுதான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மனு எழுதினால் பிரமாணப் பத்திரமும் தெளிவாக இருக்கும். அதிகாரியைத் திட்டி நான்கு பக்கம் எழுதப்பட்ட மனுக்களில் தேதிகள் மட்டும் காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று. மனு தள்ளுபடி ஆனால் மனுதாரருக்கு 19-ஆவது பிரிவில் மேல்முறையீடு கிடையாது. தண்டிக்கப்பட்டவருக்கு மட்டுமே உண்டு: தனி நீதிபதி தண்டித்தால் 30 நாளுக்குள் இரு நீதிபதி அமர்வுக்கு, அமர்வு தண்டித்தால் 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கு. 2006-ல் ஒரு கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வரி வரியாகப் பிரித்துச் சொன்னது. அவமதிப்பு என்பது நீதிமன்றத்துக்கும் மீறியவருக்கும் இடையிலானது, மனுதாரர் தகவல் கொடுப்பவர் நிலையில்தான் நிற்கிறார்.

மறுகால்:

இனி ரெண்டாவது கேள்வி. முன்சீப் கோர்ட் தடை.

முக்கூடல்_சங்கமம்:

இதற்கு நான் எழுதுகிறேன். இதில் நடக்கும் குளறுபடிதான் மிக அதிகம், நஷ்டமும் ஏழைகளுக்குத்தான் அதிகம்.

அம்பாசமுத்திரத்திலோ நாங்குநேரியிலோ முன்சீப் நீதிமன்றம் தற்காலிகத் தடை கொடுக்கிறது. எதிராளி மீறுகிறார். உடனே மதுரைக்கு ஓடி 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கன்டெம்ட் போட வேண்டியதில்லை. கீழமை நீதிமன்ற அவமதிப்பைத் தண்டிக்க 10-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, உண்மைதான். ஆனால் தடை மீறலுக்கென்றே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 39 விதி 2ஏ இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்தால் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். தடை கொடுத்த அதே நீதிமன்றத்தில் மனு போடுங்கள். அங்கே கிடைப்பது: மீறியவர் சொத்தை ஜப்தி செய்யலாம், அது 1 வருடம் வரை நீடிக்கும், மீறல் தொடர்ந்தால் அந்தச் சொத்தை விற்று உங்களுக்கு இழப்பீடு தரலாம். அதோடு 3 மாதம் வரை சிவில் சிறை. ஜப்தியும் சிறையும் சேர்த்தே உத்தரவிடலாம். பின்னால் தடை ரத்தானாலும், தடை இருந்த நாளில் மீறியது மீறல்தான். இந்த இரண்டையும் 1998-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வழக்கு முடிந்து நிரந்தரத் தடை டிக்ரி (இறுதித் தீர்ப்பாணை) ஆகிவிட்டால் 2ஏ கிடையாது. அப்போது கட்டளை 21 விதி 32-ல் நிறைவேற்று மனு. நிரந்தரத் தடை டிக்ரியை நிறைவேற்றக் காலக்கெடுவே இல்லை என்று காலவரம்புச் சட்டத்தின் 136-ஆவது இனம் சொல்கிறது. "டிக்ரி வாங்கி 12 வருடம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கைவிட்டவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இப்போது 2ஏ மனு தோற்கும் இடங்கள்.

முதலாவது, தடை உயிரோடு இல்லை. "அடுத்த வாய்தா வரை" என்று கொடுத்த இடைக்காலத் தடையை அந்த வாய்தாவில் நீட்டித்தார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. நீதிபதி விடுப்பு, வக்கீல்கள் புறக்கணிப்பு என்று வாய்தா மாறும்போது நீட்டிப்புப் பதிவாகாமல் போய்விடும். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் அடையாள எண்ணான 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைய பதிவின் நகலை வாங்குங்கள்.

இரண்டாவது, எதிராளிக்குத் தெரியவில்லை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை வாங்கினால், கட்டளை 39 விதி 3-ன்படி உடனே பிராது (வழக்கு மனு), பிரமாணப் பத்திரம், ஆவணங்களை அவருக்கு அனுப்பி, அனுப்பியதற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றைக்கோ மறுநாளோ தாக்கல் செய்தாக வேண்டும். இதைச் செய்யாமல், நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து நோட்டீஸ் கொடுக்கட்டும் என்று காத்திருந்த இடைவெளியில்தான் சுவர் எழும்பிவிடுகிறது. பிறகு "எனக்குத் தெரியாது" என்ற பதிலை உடைக்க வழியில்லை.

மூன்றாவது, "தற்போதைய நிலை தொடர வேண்டும்" என்ற உத்தரவு. எது தற்போதைய நிலை? வாய்க்கால் கரை அன்றைக்கு முழுதாக இருந்ததா, ஏற்கெனவே வெட்டியிருந்ததா? இதைப் பதிவு செய்ய வழக்கு போட்ட கையோடு கட்டளை 26 விதி 9-ல் வழக்கறிஞர் ஆணையர் கேளுங்கள். அளவையரோடு போய் வரைபடம், அளவு, புகைப்படத்தோடு அறிக்கை வந்துவிட்டால், பின்னால் மீறலைக் காட்ட இரண்டாவது அறிக்கை போதும். முதல் அறிக்கை இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் பாதி பலம்தான்.

நான்காவது, செல்போன் படம். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் படத்தைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும்போது ஆட்சேபணை வரும். எடுத்த செல்போனை மாற்றாமல், படங்களை அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப வாங்கிய படத்தில் எடுத்த தேதி விவரம் அழிந்துவிடும்.

வள்ளியூர்_காற்று:

முக்கூடல் அக்கா எழுதினதுல ஒண்ணு மட்டும் எனக்கு மாறுபாடு. 2ஏ மனு இழுக்கும். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணைன்னு வருஷக்கணக்கா ஆகும். அதுக்குள்ள கட்டடம் முடிஞ்சிரும். அப்ப மதுரைக்குப் போகத்தானே செய்வாங்க?

முக்கூடல்_சங்கமம்:

இழுக்கும் தம்பி, மறுக்கவில்லை. அதனால்தான் 2ஏ மனுவை மட்டும் தனியாகப் போடக் கூடாது என்கிறேன். அதோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 151-ஆவது பிரிவில் காவல்துறை உதவி கேட்டு ஒரு மனு போடுங்கள். அதை விரைவாக விசாரிக்க வாய்ப்பு உண்டு. உத்தரவு கிடைத்தால் காவல் நிலையம் நின்று வேலையை நிறுத்தும். நேராகக் காவல் நிலையம் போய் "தடையை மீறிவிட்டார், எஃப்ஐஆர் போடுங்கள்" என்றால் அது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள், அதில் அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. கட்டிய பகுதியை இடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் மனுவில் கேளுங்கள். எதிராளி நிலத்தை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டால் பதற வேண்டாம். சொத்து மாற்றச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

மதுரைக்குப் போவதென்றால், 2ஏ மனுவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்கச் சொல்லி அரசியலமைப்பின் 227-ஆவது உறுப்பின்கீழ் மனு போடுவது பயன் தரும். கன்டெம்ட் மனுவைவிட அதில் கதவு திறக்கும்.

பொதிகை_அடிவாரம்:

எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். தடை தவறாகக் கொடுக்கப்பட்டது என்று நினைத்தால் மீறாதீர்கள், அதே கட்டளை 39-ன் விதி 4-ல் தடையை விலக்க மனு போடுங்கள். ஒருதலைத் தடை மனுவை 30 நாளில் முடிக்க வேண்டும் என்று விதி 3ஏ சொல்கிறது. முடிக்காமல் இழுத்தால் மேல்முறையீடே செய்யலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பீல் போட்டதால் தடை தானாக நின்றுவிடாது, கட்டளை 41 விதி 5-ன்படி தனியாக நிறுத்தி வைக்கும் உத்தரவு வாங்க வேண்டும். "அப்பீல் நிலுவையில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிக் கன்டெம்ட்டில் மாட்டுபவர்கள் ஏராளம்.

தெற்குபஜார்:

கோர்ட்ல சமரசம் எழுதிக் கொடுத்துட்டு மீறினா?

பாளையங்கால்வாய்:

எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. "மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்து தருவேன் என்று இந்த நீதிமன்றத்துக்கு உறுதி அளிக்கிறேன்" என்று இருந்தால் அது உறுதிமொழி, மீறினால் அவமதிப்பு. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சமரச டிக்ரியில் அப்படியான வாசகம் இல்லாவிட்டால் நிறைவேற்று மனுதான். மக்கள் நீதிமன்றத் தீர்வும் டிக்ரி மாதிரிதான், அதற்கும் நிறைவேற்று மனு. சமரசம் எழுதும் மேசையிலேயே அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோடகன்_மடை:

இனி முகநூல். இதுலதான் சின்னப் பிள்ளைகள் மாட்டிக்கிடுது, எனக்கு இதுலதான் வருத்தம் அதிகம்.

தீர்ப்பை விமர்சிக்கலாம். 1971-ஆம் வருஷ அவமதிப்புச் சட்டத்தோட 5-வது பிரிவு நியாயமான விமர்சனம் அவமதிப்பு இல்லைன்னு சொல்லுது. 4-வது பிரிவு நீதிமன்ற நடவடிக்கையைச் சரியாவும் நேர்மையாவும் செய்தியாக்குததைக் காக்குது. கீழ்க் கோர்ட் நீதிபதி மேல புகார் இருந்தா, நல்லெண்ணத்தோட உயர் நீதிமன்றத்துக்கு எழுதினா 6-வது பிரிவு காக்குது. அதே புகாரை வாட்ஸ்அப் குழுவுல போட்டா அந்தக் காப்பு இல்ல. உண்மையைச் சொன்னேன்னு வாதாட 2006-ல 13-வது பிரிவைத் திருத்தினாங்க. பொதுநலனும் நல்லெண்ணமும் இருந்தா நீதிமன்றம் அதை ஏத்துக்கிடலாம்.

"இந்தத் தீர்ப்புல இன்ன சட்டப் பிரிவைப் பாக்காம விட்டுட்டாங்க"ன்னு எழுதினா விமர்சனம். "காசு வாங்கிட்டுத் தீர்ப்பு சொன்னாரு", "இன்ன சாதிக்காரங்களுக்குத்தான் அவர் தீர்ப்பு சொல்லுவாரு"ன்னு எழுதினா நீதிபதியோட நோக்கத்துக்குக் களங்கம், அது 2-வது பிரிவுல வந்து விழும். பகிர்ந்தவரும் வெளியிட்டவர்தான். 2022 செப்டம்பர் 15-ல மதுரைக் கிளை யூடியூபர் சவுக்கு சங்கருக்கு நீதித்துறையைப் பத்திப் பேசினதுக்கு 6 மாதச் சிறை விதிச்சது. அந்தத் தண்டனையை அந்த வருஷம் நவம்பர்ல உச்ச நீதிமன்றம் நிறுத்தி வச்சது. 2020-ல வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு 1 ரூபாய் அபராதம், கட்டலைன்னா 3 மாதச் சிறையும் 3 வருஷம் வழக்காடத் தடையும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. ஒரே சட்டம், தண்டனை எவ்வளவு வித்தியாசம் பாருங்க. எவ்வளவு வரும்னு யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மறுகால்:

யாரு வேணாலும் யார் மேல வேணாலும் இந்த வகை கன்டெம்ட் போடலாமா?

பாளையங்கால்வாய்:

முடியாது. 15-ஆவது பிரிவு: நீதிமன்றம் தானாக எடுக்கலாம், மாநிலத் தலைமை வழக்கறிஞர் கொண்டுவரலாம், வேறு யாராவது என்றால் அவரின் எழுத்துபூர்வ இசைவு வேண்டும். கீழமை நீதிமன்றத்தை அவமதித்தது என்றால் அந்த நீதிமன்றமே உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கலாம். குற்றவியல் அவமதிப்பை இரண்டு நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வுதான் விசாரிக்கும். இசைவு கேட்டு எழுதும்போது அந்தப் பதிவின் முழுப் பிரதி, இணைய முகவரி, வெளியான தேதி, எந்தச் சொற்கள் என்பதைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். உரிமையியல் அவமதிப்புக்கு இந்த இசைவு தேவையில்லை. இரண்டையும் கலந்து ஒரே மனுவாகப் போட்டுத் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது.

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்கு வருபவர்களுக்கு: நீதிபதி முன்னால் கத்துவது, வேண்டுமென்றே அவமதிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 267-ஆவது பிரிவில் குற்றம், 6 மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 384-ஆவது பிரிவின்படி அந்த நீதிமன்றமே அன்றைக்கே எழும் முன் 1,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். விசாரணையை, காணொலி விசாரணை உட்பட, அனுமதியில்லாமல் பதிவு செய்யாதீர்கள்.

முக்கூடல்_சங்கமம்:

யாருக்காவது கன்டெம்ட் நோட்டீஸ் வந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பயத்தில் வாங்காமல் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். திருப்பி அனுப்பினால் அடுத்தது வாரண்ட்.

நோட்டீஸை வாங்குங்கள். குறித்த நாளில் போங்கள், போக முடியாவிட்டால் வக்கீல் வழியாக விலக்கு கேட்டு மனு போடுங்கள். உத்தரவை நிறைவேற்ற முடியும் என்றால் பதில் எழுதும் முன் நிறைவேற்றிவிடுங்கள், நிறைவேற்றிய ஆதாரத்தை இணையுங்கள். முடியவில்லை என்றால் ஏன் என்பதற்கு ஆவணம் வேண்டும்: நிதி ஒதுக்கீடு கேட்டு எழுதிய கடிதம், அளவையர் நியமனம் கேட்டது, இப்படி. அரசு ஊழியராக இருந்தால், கெடு முடியும் முன்பே காலநீட்டிப்பு மனு போட்டிருந்தால் பாதி பாரம் குறையும். கெடு முடிந்து கன்டெம்ட் வந்த பிறகு போடும் காலநீட்டிப்பு மனுவுக்கு அந்த மதிப்பு இல்லை.

மன்னிப்பு கேட்பதென்றால் முதல் பதிலிலேயே நிபந்தனையில்லாமல் கேளுங்கள். நிபந்தனையோடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, நல்லெண்ணத்தோடு கேட்ட மன்னிப்பை நிராகரிக்கக் கூடாது என்று அவமதிப்புச் சட்டம் 12-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆனாலும் பத்துப் பக்கம் வாதாடித் தோற்ற பிறகு கடைசி வரியில் வரும் மன்னிப்பை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. உத்தரவை நிறைவேற்றாமல் மன்னிப்பு மட்டும் கேட்பதும் அப்படித்தான்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் திருநெல்வேலியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். மதுரைக் கிளை வழக்குக்கு அங்கேயே உயர் நீதிமன்ற சட்டப் பணிக் குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது.

தெற்குபஜார்:

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நகல் அனுப்பின கவர் "வாங்க மறுத்தார்"னு திரும்பி வந்தா கெடு எப்ப தொடங்கும்?

பாளையங்கால்வாய்:

அந்தக் கவரைப் பிரிக்காதீர்கள். அஞ்சல்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே மனுவில் இணைக்க வேண்டும். சரியான முகவரிக்கு அனுப்பி மறுக்கப்பட்டால் சார்வு ஆனதாகவே, அதாவது கையில் கிடைத்ததாகவே, கொள்ளலாம், மறுத்த தேதியிலிருந்து கணக்கு. ஆனால் "ஆள் இல்லை", "கதவு பூட்டியிருந்தது" என்று வந்தால் அப்படிச் சொல்ல முடியாது, வேறு வழியில் மறுபடி அனுப்புங்கள். அரசு அலுவலகம் என்றால் அடுத்த நாளே நேரில் போய்த் தபால் பிரிவில் முத்திரை, தேதி, கையெழுத்தோடு கொடுத்துவிடுங்கள். இரண்டு ஆதாரமும் கோப்பில் இருக்கட்டும்.